காவல்காரன் அசையமாட்டான்

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளோடு நாடகம் போடப் போகும் தம்பி, தங்கைகளுக்கு.

முகாம் முடிந்து கிளம்பும்போது, "ஐயா, பேசினதையெல்லாம் எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். சரி என்று சொல்லிவிட்டேன். நினைவுக்கு வந்த வரிசையில் எண் போட்டிருக்கிறேன். முதலில் இருப்பது பெரிசு, கடைசியில் இருப்பது சில்லறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. முதல் வாரம் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். உட்கார்ந்து பாருங்கள்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கலைக்குழுவில் சேர்ந்தவன் நான். கைநாட்டு வைத்து நிலத்தைப் பறிகொடுக்கும் ஒரு குடியானவனின் கதையை வீதி நாடகமாகப் போட்டோம். இருபது நிமிடம் ஓடும். வட்டிக்காரர் வேஷம் எனக்கு. ஓர் ஊரில் ராத்திரி ஆட்டம் முடிந்து பள்ளிக்கூடத் திண்ணையிலேயே படுத்துவிட்டோம். காலையில் சத்தம் கேட்டு எழுந்தால், வேப்பமரத்தடியில் எங்கள் நாடகம் நடந்துகொண்டிருக்கிறது. எட்டு வயது இருக்கும், ஒரு பெண்பிள்ளை என் வேஷத்தில் நின்றாள். தம்பியின் சட்டை அவள் தோளில் துண்டாகிவிட்டது. பூவரச இலைதான் பத்திரம். செங்கல்லை உரசிக் குழைத்து மை.

எங்கள் நாடகத்தில் குடியானவன் கைநாட்டு வைப்பான், அழுவான், அப்புறம் தொண்டர் வந்து பாட்டுப் பாடுவார். இங்கே குடியானவனாக நின்ற பையனோ கட்டைவிரலை நீட்டுவதுபோல் நீட்டி, இலையைப் பிடுங்கி வாயில் போட்டு மென்றுவிட்டான். "பத்திரத்தத் தின்னுட்டேன், போ!" அவள் ஒரு நொடிதான் யோசித்தாள். "அப்ப என் நெலம் ஒன் வயித்துல கெடக்கு, எடு!" என்று அவனைத் துரத்த ஆரம்பித்தாள். நாங்கள் ஆறு பேர் ஒரு மாதம் ஒத்திகை பார்த்துக் கண்டுபிடிக்காத முடிவு அது. அன்றைக்குத்தான் எனக்கு இந்த வேலை பிடித்துக்கொண்டது.

ஆகையால் முதலில் பாருங்கள். எந்த இடத்தில் விளையாடுகிறார்கள், எதை எதுவாக வைத்துக்கொள்கிறார்கள், யார் சேர்க்கப்படாமல் சுவரோரம் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் முதல் நாடகம் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

2. தெர்மாகோல் வாங்காதீர்கள்.

சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. ஒன்றரை வயது வாக்கில் ஒரு குழந்தை காலி டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். பாலில்லை என்று அதற்கும் தெரியும், நமக்கும் தெரியும். பிறகு பொம்மைக்குக் குடிக்கக் கொடுக்கும். இன்னும் சில மாதம் போனால் டம்ளரும் வேண்டாம், தீப்பெட்டியே டம்ளர். அப்புறம் வெறுங்கை போதும். தன் மூன்று பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து உளவியலாளர் பியாஜே குறிப்பெடுத்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933-இல் விளையாட்டைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். கோலைக் குதிரையாக்கி ஓடும் பிள்ளைதான் அதில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம். எதிரே நிற்கும் பொருளிலிருந்து அதன் அர்த்தத்தை உரித்தெடுக்க அந்தப் பிள்ளைக்கு ஒரு பிடிமானம் வேண்டியிருக்கிறது. கோல் அதற்கு உதவுகிறது, ஏனென்றால் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்து ஓடலாம். தபால் கார்டு உதவாது. இதை நான் படித்தபோது கைதட்டத் தோன்றியது. பிள்ளைகள் எதையும் எதுவாகவும் ஆக்கிவிடுவார்கள் என்று நாம் அலட்சியமாகச் சொல்கிறோம். அப்படியில்லை. அவர்கள் பொறுக்கித்தான் எடுக்கிறார்கள்.

இன்னொன்றும் அவர் சொன்னதுதான். கோல் குதிரைக்குப் பதிலாக நிற்கலாம் என்று பழகிய மனசுக்குத்தான், கரும்பலகையில் கிழிக்கும் ஒரு கோடு ஓர் ஒலிக்குப் பதிலாக நிற்கலாம் என்பது பிடிபடும். "வெளையாட்டுலயே பொழுத ஓட்டுறான், எழுத்து எப்ப வரும்?" என்று கேட்கிற அப்பா அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பிள்ளைத்தமிழ் பாடினவர்கள் சிற்றில் இழைப்பதையும் சிறுதேர் உருட்டுவதையும் வளர்ச்சியின் பருவங்களாகவே வைத்துப் பாடியிருக்கிறார்கள். நமக்கு இது புதிய செய்தி அல்ல, மறந்துபோன செய்தி.

மரப்பாச்சியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணும் மூக்கும் பேருக்குத்தான் இருக்கும். முகத்தில் சிரிப்பும் கிடையாது, அழுகையும் கிடையாது. அதனால்தான் அது காலையில் கல்யாணப் பெண்ணாகவும் மத்தியானம் காய்ச்சல்காரியாகவும் இருக்க முடிகிறது. தங்கக் காகிதம் ஒட்டிய தெர்மாகோல் கிரீடம் கிரீடமாக மட்டும்தான் இருக்கும். அது உடைந்துவிடுமோ என்ற பயத்தில் ராஜா கழுத்தைத் திருப்பவே மாட்டான். ஒரு துண்டு, ஒரு கம்பு, நாலு பெஞ்சு, ஒரு பழைய சேலை போதும்.

3. காவல்காரன் விஷயம்.

இதை முகாமில் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். நான் கற்றுக்கொண்டதில் உருப்படியானது இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

சோவியத் நாட்டில் மனுய்லென்கோ என்ற ஆய்வாளர் 1948-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பள்ளிக்குப் போகும் வயதை எட்டாத சின்னப் பிள்ளைகளை அசையாமல் நிற்கச் சொல்லிப் பார்த்தார். சும்மா "நில்" என்றால் கொஞ்ச நேரத்தில் நெளிந்துவிட்டார்கள். "நீ காவல்காரன், இந்த இடத்தைக் காக்கிறாய்" என்றதும் அதே வயதுப் பிள்ளைகள் பல மடங்கு நேரம் நின்றார்கள்.

விளையாட்டு என்றால் கயிற்றை அவிழ்த்துவிடுவது என்று நினைக்கிறோம். கிடையாது. விளையாட்டில் பிள்ளை தன்னைத்தானே ஒரு விதியில் கட்டிக்கொள்கிறது, அதுவும் நாம் கட்டுவதைவிட இறுக்கமாக. வைகாட்ஸ்கி தன் உரையில் இரண்டு சகோதரிகளைப் பற்றிச் சொல்வார். நிஜத்திலேயே அக்கா தங்கையான இருவர், "வா, அக்கா தங்கச்சி வெளையாட்டு வெளையாடலாம்" என்று தொடங்குகிறார்கள். மற்ற நேரமெல்லாம் எப்படியோ இருக்கிறவர்கள், விளையாட்டில் மட்டும் ஓர் அக்கா எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கப் பார்க்கிறார்கள். கூத்துக்காரர்கள் "வேஷம் கட்டுவது" என்கிறார்களே, அந்தக் கட்டு துணியால் மட்டும் ஆனதில்லை.

நடைமுறைக்கு வருவோம். ஒத்திகையில் இரைச்சல் தாங்கவில்லை என்றால் "சத்தம் போடாதே" என்று கத்தாதீர்கள். "உள்ள ராஜா செத்துக்கெடக்காரு, வெளிய யாருக்கும் தெரியக் கூடாது" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிப் பாருங்கள். முப்பது பிள்ளைகள் குதிகாலைத் தூக்கி நடப்பார்கள். ஒரே இடத்தில் உட்காராமல் வகுப்பையே சுற்றிவரும் பையனுக்கு வாயிற்காவலன் வேஷம் கொடுங்கள். பேச வேண்டியதில்லை, நகரக் கூடாது, அவ்வளவுதான். எத்தனை பீரியட் பார்த்துவிட்டேன், காவல்காரன் அசையமாட்டான்.

4. பி.டி. பீரியடைக் கேட்காதீர்கள்.

ஹெச்.எம். அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார். வேண்டாம் என்று கும்பிட்டுச் சொல்லுங்கள். ஏற்கெனவே பாதியைக் கணக்கு சார் எடுத்துக்கொண்டிருப்பார். மீதியை நாமும் பிடுங்கினால் பிள்ளைகள் நாடகத்தை வெறுப்பார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

5. வசனத்தைப் பாடமாகக் கொடுக்காதீர்கள்.

நம்முடைய மரபு இதற்கு நேர் எதிரானது என்பதைத் தெரிந்துகொண்டே சொல்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, தி.க. சண்முகம் ஆறு வயதில் அதில் போய்ச் சேர்ந்தார். சிறுவர்களே நடிக்கும் இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனி என்றால் வீட்டைப் பிரிந்து கம்பெனி வீட்டில் வளர்வது. பாடம் என்றால் வாத்தியார் கொடுத்த பாட்டையும் வசனத்தையும் எழுத்துப் பிசகாமல் நெட்டுருப் போடுவது. பிரம்பு கூடவே இருக்கும். இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகளிலிருந்துதான் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வந்தார்கள். உச்சரிப்பு, தாளம், மேடைப் பயம் இல்லாமை, இரவு முழுக்கத் தாங்கும் குரல் எல்லாம் அங்கே கிடைத்தன. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யைத் தேடிப் படியுங்கள். அந்தக் காலத்தின் அருமையும் கொடுமையும் ஒன்றாகத் தெரியும்.

ஆனால் அது தொழில். அந்தப் பிள்ளைகள் நாடகத்துக்காக இருந்தார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையன், அதுவரை வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் நின்றவன், திடீரென்று எதற்கும் ஆகாதவனாகிவிடுவான். நீங்கள் போகும் பள்ளிக்கூடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே நாடகம் பிள்ளைகளுக்காக இருக்கிறது.

கதையைச் சொல்லுங்கள், அல்லது அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். "அப்புறம் அவ என்ன சொன்னா?" என்று கேளுங்கள். சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் அதையே வேறு மாதிரிச் சொல்வார்கள். திருத்தாதீர்கள். பத்து நாளில் வசனம் தானாகப் படிந்துவிடும். அவர்கள் ஊர்ப் பேச்சு அப்படியே இருக்கட்டும். வீட்டில் "வாங்கப்பு" என்று கூப்பிடுகிற பிள்ளையை "வாருங்கள் தந்தையே" என்று சொல்ல வைத்தால், அது நடிப்பதை விட்டுவிட்டு எழுத்தைத் தேட ஆரம்பித்துவிடும். கண் மேலே போகும், பார்த்திருப்பீர்கள்.

6. சின்னப் பிள்ளைகளை மேடையில் ஏற்றாதீர்கள்.

பீட்டர் ஸ்லேட் என்ற ஆங்கிலேயர் 1954-இல் குழந்தைகளின் நாடகம் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். சின்னஞ்சிறுசுகள் தாமாக விளையாடும்போது சுற்றிச் சுற்றி, வட்டமாகத்தான் விளையாடும். மூன்று பக்கம் மறைத்த மேடையில் நிறுத்தி ஒரே பக்கம் பார்க்கச் சொன்னால் விளையாட்டு போய்விடும், காட்டிக்கொள்வது வந்துவிடும் என்பது அவர் கட்சி. நம் தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது உடனே புரிந்தது.

என் கணக்கு இது. ஏழு வயதுக்குள் பார்வையாளரே வேண்டாம். பத்து வயது வரை பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வந்து சுற்றி உட்கார்ந்தால் போதும். அதற்கு மேல் அவர்களே மேடை கேட்பார்கள். அப்போது கொடுங்கள், நல்ல வெளிச்சத்தோடு கொடுங்கள். மைக்கைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. வசனத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஓடவிட்டு, பிள்ளைகளை வாயசைக்க வைக்கும் ஆண்டுவிழாக்களைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

7. தெருவில் இருக்கும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிகாகோவில் வயோலா ஸ்போலின் என்ற அம்மையார் இருந்தார். பல நாடுகளிலிருந்து குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள், பொதுமொழி சரியாகப் பேச வராதவர்கள். அவர்களுக்கு விளையாட்டின் மூலமாகவே நடிப்பைக் கற்றுக்கொடுத்தார். தன் ஆசிரியை நீவா பாய்டிடம் கற்ற தெரு விளையாட்டுகள்தான் அவருக்கு அடித்தளம். 1963-இல் அவர் எழுதிய புத்தகம் இன்று உலகமெங்கும் நடிப்புப் பள்ளிகளில் புழங்குகிறது. அதை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளுக்கு நடத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தப்பில்லை. ஆனால் அந்த அம்மையார் தன் ஊர்த் தெருவில் செய்ததை நாம் நம் ஊர்த் தெருவில் செய்வதுதானே முறை?

'பூப்பறிக்க வருகிறோம்' விளையாட்டைப் பாருங்கள். இரண்டு வரிசை எதிரெதிரே நிற்கும். ஒரு வரிசை பாடிக்கொண்டே முன்னேறும், மற்றது பதில் பாடிக்கொண்டு பின்வாங்கும். கேள்வி, பதில், முன்நகர்வு, பின்நகர்வு, கடைசியில் ஒரு பேரைச் சொல்லிக் கேட்கும் உச்சம். சண்டைக் காட்சி, ஊர்ப் பஞ்சாயத்து, ஆறும் கரையும் என்று எதை வேண்டுமானாலும் இந்த ஒரு அசைவில் நடத்திவிடலாம். கண்ணாமூச்சி, காதால் பார்க்கக் கற்றுக்கொடுக்கும். குலைகுலையா முந்திரிக்காயில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு முதுகும் விழித்திருக்கும். மேடையில் பேச்சில்லாமல் நிற்கிறவனுக்கு வேண்டியது அந்த முதுகுதான். 'ராஜா, மந்திரி, போலீஸ், திருடன்' சீட்டு விளையாட்டில் நாலு பேர் முகத்தை நாலு பேர் படிக்கிறார்கள். திருடன் சீட்டு வந்தவன் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் படும் பாட்டைவிடப் பெரிய நடிப்புப் பாடம் எனக்குத் தெரியாது. கயிற்றை வளைத்து ஓட்டும் பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டரும் டிக்கெட் வாங்காத பாட்டியும் இருப்பார்கள். அந்தப் பஸ் நின்று கிளம்பினால் ஒரு காட்சி முடிந்தது.

இந்த விளையாட்டுகள் தெரியாத பிள்ளைகளும் இப்போது வருகிறார்கள். பாட்டிகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழையுங்கள். வெட்கப்படுவார்கள், ஐந்து நிமிடம்தான்.

8. யாருக்கு எந்த வேஷம் என்பதில் உங்கள் மனசு அழுக்காகும். கழுவிக்கொண்டே இருங்கள்.

இது என் தப்பு. ஒரு பள்ளியில் தொடர்ந்து மூன்று நாடகம் போட்டேன். மூன்றிலும் ஒரே பையனைத் திருடனாக்கினேன். நல்ல கறுப்பு, கணீர்க் குரல், தயக்கமில்லாதவன். அவன் நன்றாகச் செய்கிறான், அதனால்தான் கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது நாடகம் முடிந்த மறுநாள் அவன் அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. "எங்க தெருப் புள்ளைக்கு மட்டும் ஏன் சார் எப்பவும் அந்த வேசம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் வேலைக்குப் போய்விட்டார். அந்த மூன்று நாடகங்களின் வேஷப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ராஜா எந்தத் தெரு, வேலைக்காரி எந்தத் தெரு, மரமாக நின்றவர்கள் எந்தத் தெரு என்று எழுதிப் பார்த்தேன். பார்த்துவிட்டு அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

பிள்ளைகளின் விளையாட்டில் நேற்றுத் திருடன் இன்று போலீஸ். வேஷத்தை ஒருவர்மேல் ஆணி அடித்து மாட்டுகிறவர்கள் நாம்தான். அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒத்திகையில் ஒவ்வொரு நாளும் எல்லா வேஷத்தையும் எல்லோருக்கும் சுற்றிவிடுவேன். கடைசி வாரத்தில்தான் யார் எது என்று முடிவு, அதையும் பிள்ளைகளே பேசி முடிவு செய்வார்கள். ஒருநாள் யாராவது வரமுடியாமல் போனால் பதறவும் வேண்டியதில்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

9. மரமாகப் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். மரம் வேண்டுமென்றால் மரத்தடியில் போடுங்கள்.

10. நீங்களும் வேஷம் கட்டுங்கள். சின்ன வேஷமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் ராஜாவானால் வகுப்பறைதான் மறுபடி வரும். வழி தெரியாத வழிப்போக்கன், காது கேளாத தாத்தா, ஊருக்குப் புதிதாக வந்த வெளிநாட்டான் என்று எதுவும் தெரியாத ஆளாக உள்ளே நுழையுங்கள். உங்களுக்கு விளக்கிச் சொல்ல, வாயே திறக்காத பிள்ளைகளும் வாய் திறப்பார்கள். புதுச்சேரியின் ஆழி குழந்தைகள் நாடகக் குழுவின் வேலு சரவணன் நடிக்கும் 'கடல் பூதம்' கிடைத்தால் பாருங்கள். பெரிய மனுஷர் ஒருவர் பிள்ளைகளுக்கு முன்னால் முட்டாளாகும் துணிச்சலை அங்கே கற்கலாம். பிள்ளைகளுக்கான நாடகத்தைத் தமிழகத்தில் பாடமாகவே எடுத்துக்கொண்டு உழைத்தவர் பேராசிரியர் சே. இராமானுஜம். 1970-களில் காந்திகிராமத்தில் அவர் போட்ட விதை மரமாகி, அதன் நிழலில்தான் நாமெல்லாம் நிற்கிறோம்.

11. வைத்தியராகாதீர்கள்.

பிள்ளைகளை விட்டுவிட்டால் சாவு வீடு விளையாடுவார்கள். குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கும் அப்பாவை விளையாடுவார்கள். தடுக்காதீர்கள். நிஜத்தில் தன்னைப் பயமுறுத்தியதை, தானே தொடங்கித் தானே நிறுத்தக்கூடிய ஒன்றாக அங்கே மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் "ஒங்க வீட்லயும் இப்படியா?" என்று அடுத்த நிமிடம் கேட்கவும் கேட்காதீர்கள். வேஷத்துக்குள் சொன்னது வேஷத்துக்குள் இருக்கட்டும். பிள்ளைக்கு உண்மையிலேயே ஆபத்து என்று தோன்றினால் தனியாக, மெதுவாக, அதற்கென்று இருப்பவர்களின் துணையோடு செய்யுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

ஈழத்தில் இதை நம்மைவிட ஆழமாக யோசித்திருக்கிறார்கள், யோசிக்க வேண்டிய நிலைமை அவர்களுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 'கூடி விளையாடு பாப்பா' எழுதினார். மட்டக்களப்பைச் சேர்ந்த மௌனகுரு 'தப்பி வந்த தாடி ஆடு' எழுதினார். அதே மட்டக்களப்பில் 1996-இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று தொடங்கி, போருக்கு நடுவில் தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துவந்து களிமண், கதை, நாடகம் என்று விளையாட விட்டார்கள். செத்தவர்களைப் பற்றிப் பேசு என்று யாரும் அவர்களை உட்கார வைத்துக் கேட்கவில்லை. விளையாட இடம் கொடுத்தார்கள்.

12. போட்டிக்குப் போங்கள், போட்டிக்காகத் தயார் செய்யாதீர்கள். 2022-23 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல காரியம். நாடகம் என்ற சொல்லையே மறந்திருந்த பள்ளிகளில் ஒத்திகைச் சத்தம் கேட்கிறது. பரிசு வராத அன்று பஸ்ஸில் திரும்பும்போது உங்கள் முகத்தைத்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

13. பிள்ளை தப்பாகச் சொன்னதும் சிரிக்காதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டாம்.

14. ஒருமுறை நாடகம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, விட்டுப்போன ஒரு பெட்டியை எடுக்க அந்தப் பள்ளிக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் நாடகத்தைத்தான் மறுபடி போடுகிறார்கள் என்று நினைத்து, சந்தோஷமாகச் சுவரோரம் நின்று எட்டிப் பார்த்தேன்.

அது 'நாடக வாத்தியார்' விளையாட்டு. ஒரு பொடியன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, மூக்கு நுனியில் குச்சிக் கண்ணாடி வைத்துக்கொண்டு, அங்கேயும் இங்கேயும் நடந்தான். மற்றவர்கள் அவனுக்கு எதிரே கசமுசவென்று பேசினார்கள். அவன் மூன்று எட்டுக்கு ஒருதரம் நின்று, இடுப்பில் கை வைத்து, தலையை ஆட்டி, "சத்தம் போடாதீங்கப்பா! சத்தம் போடாதீங்கப்பா!" என்று கத்தினான். வேறு வசனமே இல்லை. எதிரே இருந்தவர்கள் உருண்டு சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவே இல்லை.

பெட்டியை எடுக்காமலே வந்துவிட்டேன்.